மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் துப்பறிவாளர்

துப்பறியும் கதை எழுதுவோர் சிலர் 1930இல் லண்டனில் கூடி 'டிடெக்‌ஷன் கிளப்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். அதில் புதிதாகச் சேரும் எழுத்தாளர் ஒரு மண்டையோட்டின்மீது கை வைத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். தம் கதையில் வரும் துப்பறிவாளர் சொந்த மூளையைக் கொண்டே குற்றத்தைக் கண்டுபிடிப்பார் என்றும், தெய்வ வாக்கு, உள்ளுணர்வு, மாய மந்திரம், தற்செயல், தெய்வச் செயல் ஆகிய எதையும் சார்ந்திருக்க மாட்டார் என்றும் அவர் வாக்களிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாதிரியாரும் மர்மக் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் இவ்வகைக் கதைகளுக்கான பத்துக் கட்டளைகளை எழுதியிருந்தார். இயற்கைக்கு அப்பாற்பட்டது எதுவும் கூடாது, விபத்தோ விளக்க முடியாத உள்ளுணர்வோ துப்பறிவாளருக்குக் கை கொடுக்கக் கூடாது, அவர் கண்ணில் படும் துப்பு அக்கணமே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பன அவற்றுள் சில. பாதி விளையாட்டாகச் சொல்லப்பட்டவைதான் என்றாலும், அடுத்து வந்த பல பத்தாண்டுகளுக்கு மர்மக் கதைக்கும் வாசகருக்கும் இடையிலான உடன்படிக்கையாக இவை நிலைத்துவிட்டன.

இந்த உடன்படிக்கையின் பிரிவுகளை ஏறக்குறைய எல்லாவற்றையும் மீறிவிட்டு, அதன் உயிர்நாடியான ஒன்றை மட்டும் விடாமல் காப்பாற்றிய தொடர் ஒன்று உண்டு. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய டர்க் ஜென்ட்லி நாவல்களைச் சொல்கிறேன். 1987இல் 'டர்க் ஜென்ட்லிஸ் ஹோலிஸ்டிக் டிடெக்டிவ் ஏஜென்சி'யும், 1988இல் 'தி லாங் டார்க் டீ-டைம் ஆஃப் தி சோல்' நாவலும் வெளிவந்தன. மூன்றாவதை முடிக்கும் முன்பே, 2001 மே மாதம், 49ஆம் வயதில் ஆடம்ஸ் காலமானார். முதல் நாவலை அவரே துப்பறியும் கதை, பேய்க்கதை, திகில் கதை, கொலை மர்மம், காலப் பயணம், காதல், இசை, நகைச்சுவை, காவியம் என்று ஒரே மூச்சில் அடுக்கி அறிமுகப்படுத்தினார். படிப்பவர் இதை விளம்பர வேடிக்கை என்று எடுத்துக்கொள்வார். கதையைப் படித்து முடிக்கும்போதுதான் அந்தப் பட்டியல் சத்தியம் என்று தெரியும். (கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் இத்தொடரை விளக்க வழியில்லை, இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

டர்க் நடத்துவது 'ஹோலிஸ்டிக்' துப்பறியும் நிலையம். பகுதிகளைத் தனித்தனியே பாராமல் முழுமையைப் பார்ப்பது என்பது அச்சொல்லின் பொருள். 1980களில் மருத்துவம் முதல் மேலாண்மை வரை எல்லாத் துறையிலும் அடிபட்ட சொல் அது. உலகிலுள்ள அனைத்தும் ஒன்றோடொன்று அடிப்படையிலேயே பிணைந்தவை என்பது டர்க்கின் கோட்பாடு. ஆகவே கைரேகைப் பொடி, சுருட்டுச் சாம்பல், காலடித் தடம் போன்ற அற்ப விஷயங்களில் அவர் காலத்தை வீணாக்குவதில்லை. ஒரு மூதாட்டியின் பூனை காணாமற்போன வழக்கை எடுத்துக்கொண்டு, அதைத் தேடும் முகாந்தரத்தில் பஹாமாஸ் தீவின் கடற்கரைக்குப் போய்வந்து, அந்தச் செலவையும் ரசீதில் சேர்த்து அனுப்புகிறார். பாட்டி தொலைபேசியில் வாதாடும்போது, பூனைக்கும் பஹாமாஸுக்கும் தொடர்பு இல்லை என்று நிரூபிக்க முடியுமா என்கிற பாணியில் மடக்குகிறார். சம்பந்தமில்லாதவற்றை இழுத்துப் பேசுபவரை 'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே' என்று நாம் அதட்டுவோம். அந்த முடிச்சைப் போடுவதையே தொழிலாக வைத்து, அதற்குக் கூலியும் கேட்கும் ஆசாமி இவர்.

இவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆடம்ஸ் அமைத்த விசை வேறு. டர்க் சொல்லும் பொய்கள் அவருக்கே தெரியாமல் உண்மையாகித் தொலைகின்றன. ஸ்வ்லாட் செல்லி என்ற பெயரோடு கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில், தமக்கு அபூர்வ சக்தி உண்டு என்ற வதந்தியை அவர் பரப்பியது, அதைத் திரும்பத் திரும்ப மறுப்பதன் மூலமாகத்தான். பின்னர், மயக்க நிலையில் தேர்வு வினாக்களை முன்கூட்டியே சொல்வதாக ஏற்பாடாகிறது. உண்மையில் அவர் செய்தது, பழைய வினாத்தாள்களைப் புரட்டி, எது மறுபடி வரும் என்று ஊகித்து எழுதியது மட்டுமே. நம் ஊர் டியூஷன் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் செய்கிற வேலைதான். ஆனால் தேர்வு நாளன்று வந்த வினாத்தாள், காற்புள்ளி பிசகாமல் அவர் எழுதியதாகவே இருந்தது. விளைவு, கைதும் சிறையும். ஒரு மனிதனைத் தற்செயல் தூக்கிவிட்டதாக எத்தனையோ கதைகள் உண்டு; தற்செயல் மிகத் துல்லியமாக நடந்துவிட்டதால் ஒருவன் கெட்டழிந்த கதை அபூர்வம். நாக்ஸின் கட்டளை தடை செய்தது, விளக்க முடியாத உள்ளுணர்வு துப்பறிவாளருக்கு உதவுவதை. இங்கே உள்ளுணர்வு பலிக்கும்போதெல்லாம் அவர் தலையில்தான் இடி விழுகிறது.

முதல் நாவலின் துப்புகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டர்க்கின் பழைய கல்லூரித் தோழர் ரிச்சர்ட் மக்டஃப், ஒரு கணினி மென்பொருளாளர். அவர் வாங்கிய சோபா, மாடிக்குப் போகும் குறுகிய படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் மேல் ஏறிக் குதித்துத்தான் போக வேண்டும். சோபாவைக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கி, எந்தக் கோணத்தில் திருப்பினால் வெளியே எடுக்கலாம் என்று ரிச்சர்ட் ஒரு நிரல் எழுதுகிறார். வெளியே எடுக்க வழியே இல்லை என்று அது சொல்கிறது. அதைவிட மோசமாக, அந்த இடத்துக்கு அந்த சோபா வந்து சேர்ந்திருக்கவே முடியாது என்றும் சொல்கிறது. (திருப்பமுள்ள நடைவழியில் எவ்வளவு பெரிய சோபாவை நகர்த்த முடியும் என்பது கணிதத்தில் 1966இல் லியோ மோசர் முன்வைத்த மெய்யான புதிர்; அதன் சுவடு இங்கே இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) நகைச்சுவை நாவலில் இப்படி ஒரு சோபாவைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம். அதுதான் ஆசிரியர் விரும்பியதும்.

இரண்டாவது துப்பு ஒரு விருந்தில் வருகிறது. ரிச்சர்டின் முன்னாள் ஆசிரியர், க்ரொனாட்டிஸ் என்ற முதிய மறதிப் பேராசிரியர், விருந்துக்கு வந்து சலித்துப் போயிருக்கும் ஒரு சிறுமியை மகிழ்விக்க வித்தை காட்டுகிறார். மேசையிலிருந்த வெள்ளி உப்புக் குடுவை மறைகிறது. பழங்காலத்து மண்பாண்டம் ஒன்றை உடைத்தால், அதற்குள் நூற்றாண்டுகளின் மண் படிந்து அதே குடுவை இருக்கிறது. அன்றிரவு பேராசிரியரின் மாடி அறைக்குப் போனால், குளியலறையில் ஒரு குதிரை நிற்கிறது. ரிச்சர்ட் சொல்வதைக் கேட்ட டர்க், குதிரையை விட்டுவிட்டு வித்தையையே பிடித்துக்கொள்கிறார். எத்தனை யோசித்தும் விடை கிடைக்காமல், தெருவில் போகும் ஒரு சிறுவனை நிறுத்தி, இன்னது நடந்தது, எப்படி நடந்திருக்கும் என்று கேட்கிறார். இது கூடத் தெரியாதா, அவரிடம் கால இயந்திரம் இருந்திருக்க வேண்டும் என்று பையன் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அதுவே சரியான விடை. பேராசிரியரின் அறைதான் கால இயந்திரம். அதன் கதவு தவறுதலாக ஒரு கணம் ரிச்சர்டின் படிக்கட்டில் திறந்துகொண்டதால்தான் சோபா அந்த நிலையில் திருப்பப்பட்டுச் சிக்கியது. வளர்ந்தவர்களுக்கு விடை தெரியாமற்போனதற்குக் காரணம் துப்பு இல்லாதது அன்று. கால இயந்திரம் இந்த வகைக் கதையில் வராது என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார்கள். சிறுவனுக்கு அப்படி ஒரு வகைப் பிரிவினை இருப்பதே தெரியாது.

இந்தத் தொடரில் பல வகைமைகள் கலந்திருப்பதன் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கலவை என்பது மேலே தூவிய மசாலா அன்று, புதிரே அதுதான். வழக்கமான மர்மக் கதையில் கொலையாளி யார் என்று தேடுகிறோம். இங்கே நாம் தேடுவது, நாம் படித்துக்கொண்டிருப்பது என்ன வகைக் கதை என்பதை. பேய் வராது என்று அட்டையைப் பார்த்தே தீர்மானித்த வாசகர், கண்ணெதிரே கிடக்கும் துப்பைத் தானே தள்ளிவிடுகிறார். எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கிறது என்ற டர்க்கின் உளறலைக் கதை இலக்கணமாக எடுத்துக்கொண்டால், எந்த வகைமையையும் விலக்க வாசகருக்கு உரிமையில்லை. நாக்ஸின் கட்டளைகளில் எல்லாவற்றுக்கும் மேலானதும் நியாயமானதும் துப்பை மறைக்காதே என்பதுதான். அதை ஆடம்ஸ் எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்திருக்கிறார்.

அதற்கு ஆகச் சிறந்த சான்று, நாவலின் தொடக்கத்திலேயே பட்டவர்த்தனமாக வைக்கப்பட்ட ஒரு துப்பு. மேற்படி விருந்து, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் நினைவாக நடப்பது. அதில் அவருடைய 'குப்ளா கான்' கவிதையை ஒருவர் முழுமையாக வாசிக்கிறார். அதன் இரண்டாம் பகுதி, முதற்பகுதியைவிட விசித்திரமானது என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்கிறார். நம் உலகில் அக்கவிதைக்கு அப்படி ஒரு பகுதி கிடையாது. 1797இல் கனவில் முழுக் கவிதையும் தோன்றியதாகவும், விழித்து எழுதிக்கொண்டிருந்தபோது போர்லாக் என்ற ஊரிலிருந்து ஒருவர் ஏதோ வேலையாக வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டதால் மீதி மறந்துபோனதாகவும், 1816இல் அதை வெளியிட்டபோது கோல்ரிட்ஜே முன்னுரையில் எழுதினார். எஞ்சியவை 54 வரிகள். ஆகவே விருந்து நடக்கும் உலகம் நம்முடையது அன்று. அந்த ஒரு வாக்கியத்தில் தடுக்கி நின்ற வாசகருக்கு முழு நாவலும் திறந்துகொள்ளும். மற்றவர்கள் கடைசி அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஏறத்தாழ நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன், வேற்றுக்கிரகவாசிகளின் விண்கலம் ஒன்று உயிரற்ற பூமியில் வெடித்துச் சிதறியது. பழுது பார்த்த பொறியாளரின் தவறு அதற்குக் காரணம். அவருடைய ஆவி அன்று முதல் பூமியில் அலைகிறது. கால இயந்திரம் உள்ள ஒருவரைப் பிடித்து, பின்னோக்கிப் போய், அந்தத் தவறைத் திருத்த வேண்டும் என்பது அதன் ஒரே ஏக்கம். பலவீனமான மனங்களுக்குள் புகுந்து பார்க்கிறது; கோல்ரிட்ஜுக்குள்ளும் புகுந்தது; கவிதையின் இரண்டாம் பகுதியில் அதன் கைவரிசை இருக்கிறது. இரக்கப்பட்டு உதவக் கிளம்பும்போதுதான் டர்க்குக்கு உறைக்கிறது: அந்த வெடிப்பில்தான் பூமியில் உயிர் தோன்றியது. விபத்தைத் தடுத்தால் மனித இனமே இருக்காது. ஆவியைத் தடுப்பதற்கு அவர் கையாண்ட வழி துப்பாக்கியோ கைவிலங்கோ அன்று. 1797ஆம் ஆண்டுக்குப் போய், கோல்ரிட்ஜின் கதவைத் தட்டி, அறுவை போட்டு, கவிதையை மறக்கடிக்கிறார். போர்லாக்கிலிருந்து வந்த அந்தத் தொல்லை பிடித்த ஆள் டர்க் ஜென்ட்லி! இலக்கிய வரலாற்றின் ஆறாத மனக்குறை ஒன்றையே குற்றத்தின் தீர்வாக்கிய இதற்கு நிகரான முடிச்சை வேறு துப்பறியும் கதையில் நான் கண்டதில்லை.

இவ்வளவு வகைமைகள் ஓரிடத்தில் வந்து சேர்ந்ததற்கு, கோட்பாட்டைத் தாண்டி, நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. பிபிசியின் காலப் பயணத் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வுக்குக் கதைப் பொறுப்பாளராக ஆடம்ஸ் பணியாற்றினார். 1979இல் ஒளிபரப்பான 'சிட்டி ஆஃப் டெத்' கதையில், தன் விண்கலம் வெடித்ததைத் தடுக்கக் காலத்தில் பின்னோக்கிப் போக முயலும் வேற்றுக்கிரகவாசியும், அந்த வெடிப்பிலிருந்தே பூமியில் உயிர் பிறந்தது என்ற கருவும் இருக்கின்றன. அதே தொடருக்கு அதே காலத்தில் எழுதிய 'ஷாடா'வில் கேம்பிரிட்ஜின் கற்பனையான செயின்ட் செட்ஸ் கல்லூரியும், அறையையே கால இயந்திரமாக வைத்திருக்கும் க்ரொனாட்டிஸும் வருகிறார்கள். பிபிசியில் வேலைநிறுத்தம் ஏற்பட்டு 'ஷாடா' படப்பிடிப்பு பாதியில் நின்றுபோனது. வீணாய்ப் போன பண்டத்தை ஆடம்ஸ் வீசி எறியவில்லை. எட்டாண்டு கழித்து நாவலில் சேர்த்துக்கொண்டார். கிடைத்ததையெல்லாம் போட்டுச் சமைத்த கூட்டாஞ்சோறுதான், ஆனால் பருப்பு எது, அரிசி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத பதத்தில் வெந்த கூட்டாஞ்சோறு.

இரண்டாவது நாவல், தொடக்கத்தில் சொன்ன சங்க உறுதிமொழியின் கடைசிச் சொல்லிலிருந்து புறப்படுகிறது. ஹீத்ரோ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், பயணியரைப் பதிவு செய்யும் மேசை ஒன்று தீப்பிழம்பாக வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. யாரும் பொறுப்பேற்கவில்லை, குண்டு வைத்த தடயமும் இல்லை. அதிகாரிகள் கடைசியில் அதைத் 'தெய்வச் செயல்' என்று வகைப்படுத்துகிறார்கள். காப்பீட்டுப் பத்திரங்களில் வெள்ளத்துக்கும் இடிக்கும் எழுதுகிற சொற்றொடர்தான். செய்தியைப் படிக்கும் டர்க் மட்டும் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, எந்தத் தெய்வம் என்று கேட்கிறார். பிற்பகல் 3.37க்கு ஆஸ்லோ புறப்படும் விமானத்தைப் பிடிக்க எந்தத் தெய்வத்துக்கு அவசியம்? நார்வே நாட்டுப் புராணத்தின் இடி தேவன் தோர் என்பது விடை. மனிதர்கள் நம்பிப் படைத்துவிட்டுப் பின்னர் மறந்துபோன தெய்வங்கள், சாகவும் முடியாமல், லண்டன் தெருக்களில் வீடற்றவர்களாகத் திரிகிறார்கள். வீரசொர்க்கமான வல்ஹல்லா செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் இருக்கிறது. தோரின் தந்தையான ஓடின் என்ற தெய்வமோ, வெள்ளை வெளேர் என்று சலவை செய்த படுக்கை விரிப்புகளுக்காகத் தம் ஆற்றல்களை ஒரு வழக்கறிஞருக்கும் விளம்பரத் துறைப் பெண்ணுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவமனையில் படுத்துக் கிடக்கிறார்.

இந்த நாவல் முதலாவதைவிட இருண்டது, முடிச்சு அவிழ்ப்பில் அவசரமும் தெரிகிறது. ஆனால் டர்க் என்ற மனிதர் இதில்தான் முழுமை பெறுகிறார். கண்கள் பச்சையாக ஒளிரும் அரக்கன் ஒருவன் அரிவாளோடு துரத்துகிறான் என்று ஒரு பணக்கார வாடிக்கையாளர் வந்து சொல்கிறார். பிரிட்ஜ் வாங்கப் பணம் கிடைத்தது என்று மகிழ்ந்த டர்க், சொன்னதை ஒரு நொடிகூட நம்பாமல், காவலுக்குப் போக வேண்டிய காலையில் நன்றாகத் தூங்கிவிடுகிறார். தாமதமாகப் போய்ச் சேரும்போது காவல் துறையினர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் உடல் நாற்காலியில் அமர்ந்திருக்க, தலை மட்டும் இசைத்தட்டு சுழலும் கருவியின் மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எதையும் எதனோடும் பிணைக்கலாம் என்று வாய்ப்பறை அடிப்பவர், தம்மிடம் வந்து ஒருவர் உயிர் பயத்தோடு சொன்னதை நம்ப மறுத்த குற்றம் அது. நாவலின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்த உறுத்தல் அவரை விடுவதில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸை டர்க் நேருக்கு நேர் எதிர்ப்பதும் இங்கேதான். நடக்க இயலாதவற்றை விலக்கிவிட்டால், எஞ்சுவது எவ்வளவு நம்பத்தகாததாக இருந்தாலும் அதுவே உண்மை என்பது 1890இல் வெளிவந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' முதற்கொண்டு துப்பறியும் கலையின் வேத வாக்கு. டர்க்குக்கு இது ஒவ்வாது. மருத்துவமனையில் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி இருக்கிறாள். பங்குச் சந்தை விலைகளை இடைவிடாமல் முணுமுணுக்கிறாள், சரியாக 24 மணி நேரம் பின்தங்கி. எங்கிருந்தோ விலைகளை மனப்பாடம் செய்து, யாருக்கும் பயனில்லாத மோசடி ஒன்றை அவள் நாள் முழுவதும் நடத்துகிறாள் என்பது 'நம்பத்தகாத' விளக்கம். விலைகள் காற்றிலிருந்து அவளுக்கு வருகின்றன என்பது 'இயலாத' விளக்கம். டர்க் இரண்டாவதையே ஏற்கிறார். இயலாதது என்று தோன்றுவது, நாம் இன்னும் அறியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. நம்பத்தகாத விளக்கமோ, மனித இயல்பு பற்றி நாம் நன்றாக அறிந்த ஒன்றையே பொய் என்கிறது. மேற்போக்காகக் கோமாளித்தனம் போலத் தோன்றும் இது, நிதானமாக யோசித்தால் ஹோம்ஸின் வாக்கைவிட அடக்கமான தருக்கம். எல்லா இயலாமைகளையும் அறிந்துவிட்டோம் என்ற இறுமாப்பு இதில் இல்லை.

அதற்காக டர்க்கை ஞானியாக்கிவிடவும் ஆடம்ஸ் இடம் கொடுப்பதில்லை. வழி தெரியாமற்போனால், வழி தெரிந்தது போல ஓடும் ஏதாவது ஒரு காரின் பின்னால் போய்விடுவது டர்க்கின் வழக்கம். போக நினைத்த இடத்துக்குச் சேராவிட்டாலும், போயிருக்க வேண்டிய இடத்துக்குச் சேர்கிறார். சீனத்து ஐ சிங் குறி சொல்லும் கால்குலேட்டர் ஒன்று வாங்குகிறார். அது கணக்கும் போடும், ஆனால் விடை நான்குக்கு மேல் போனால் எண்ணுக்குப் பதிலாக 'மஞ்சளின் பரவல்' என்று மட்டும் காட்டும். வீட்டிலோ, பழைய பிரிட்ஜை யார் முதலில் திறப்பது என்று அவருக்கும் துப்புரவுப் பெண்மணிக்கும் மூன்று மாதமாகப் பனிப்போர்.

மூன்றாவது நாவலுக்கான அத்தியாயங்கள் 'தி சால்மன் ஆஃப் டவுட்' என்ற தலைப்பில் 2002இல், அவருடைய கட்டுரைகளோடு சேர்ந்து வெளிவந்தன. முன்பாதி மட்டும் உள்ள, நலமாக நடமாடுகிற ஒரு பூனையின் பின்பாதியைக் கண்டுபிடிக்கும் வழக்கு அதில் வருகிறது. அந்தக் கருத்துகள் டர்க்கை விடத் தம் 'ஹிட்ச்ஹைக்கர்' என்ற அறிவியல் புனைவு நகைச்சுவை நாவல் வரிசைக்கே பொருந்துமோ என்று ஆடம்ஸ் ஐயுற்றிருந்தார். படித்தால் அந்த ஐயம் நமக்கும் வருகிறது.

வானொலியிலும் திரையிலும் டர்க் பலமுறை மறுபிறவி எடுத்திருக்கிறார். பிபிசி ரேடியோ 4 2007இலும் 2008இலும் இரு நாவல்களையும் ஹாரி என்ஃபீல்டின் குரலில் நாடகமாக்கியது. ஸ்டீபன் மாங்கன் நடித்த பிபிசி ஃபோர் தொடர் 2010இல் ஒரு முன்னோட்டம், 2012இல் மூன்று பகுதிகள் என்று நான்கோடு நின்றது. மாங்கனின் டர்க் கடன்காரர், கோழை, வாய்ச்சொல் வீரர். நாவலின் ஆளுக்கு மிக அருகில் வந்தவர் அவரே. 2016, 2017 ஆண்டுகளில் பிபிசி அமெரிக்கா தயாரித்து, பிற நாடுகளில் நெட்ஃபிளிக்ஸ் வழியே பரவிய தொடர்தான் புதிய தலைமுறைக்குத் தெரிந்தது. சியாட்டிலில் தொடங்கும் அதில் சாமுவேல் பார்னெட் டர்க்காகவும் எலைஜா வுட் அவருடைய விருப்பமில்லா உதவியாளராகவும் நடித்தார்கள். உடல் மாறும் ஆன்மாக்கள், சுறாவை உள்ளே வைத்திருக்கும் பூனைக்குட்டி, பிரபஞ்சம் காட்டும் ஆட்களைக் கொல்லும் 'ஹோலிஸ்டிக்' கொலையாளிப் பெண் என்று 18 பகுதிகளில் கற்பனை கரை புரண்டு ஓடுகிறது. வேகத்திலும் வண்ணத்திலும் குறையில்லை. ஆனால் அதில் டர்க்கின் திறன், அரசின் இரகசியத் திட்டம் ஒன்று ஆராய்ந்த பிறவிச் சக்தி என்று விளக்கப்பட்டுவிடுகிறது. சக்தி என்று ஆன பிறகு அது வாதமாக இருக்க முடியாது. தெருவில் போன பையனுக்கு எந்தச் சக்தியும் இல்லை. முன்முடிவு இல்லாதது மட்டுமே அவன் தகுதி. நாவலின் டர்க்கும் அப்படித்தான். தாம் சொல்வதைத் தாமே பாதிதான் நம்புகிற ஒருவர், அது உண்மையாகும்போது நம்மைவிட அதிகமாக அதிர்ந்துபோவதில்தான் அந்தப் பாத்திரத்தின் சுவை இருக்கிறது.

தொழில் முறையில் பார்த்தாலும் அவர் ஒரு சாதாரண தனியார் துப்பறிவாளர்தான். வாடகை பாக்கி, சம்பள பாக்கி, வராத கட்டணம். முதல் நாவலின் கடைசியில், எல்லாம் முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பும் டர்க், பூனையைப் பறிகொடுத்த மூதாட்டிக்கான ரசீதைத் திருத்தி எழுதச் சொல்கிறார். மனித இனத்தை முழு அழிவிலிருந்து காப்பாற்றியது என்று ஒரு வரி புதிதாகச் சேர்கிறது. அதற்கு நேராக, கட்டணம் இல்லை என்று எழுதச் சொல்கிறார்.